கூலிக்கு ஆழம் இறங்கியவர்கள்: ஒரு திரைப்படத்திலிருந்து முத்துக்குளித்துறைக்கு

கடலோரப் பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் பதில் ஒன்று உண்டு. "உன் தாத்தா என்ன வேலை செய்தார்?" என்று கேட்டால், "சும்மா கடலுக்குப் போனாவ டீச்சர்" என்பான் மாணவன். அந்தச் 'சும்மா'வுக்குள் எவ்வளவு மறைந்திருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. மூச்சடக்கிப் பத்துப் பதினைந்து மீட்டர் ஆழம் இறங்கியவர், காற்றையும் நீரோட்டத்தையும் கணித்தவர், எந்த இடத்தில் எந்தப் பார் இருக்கிறது என்பதைக் கரையின் அடையாளங்களை வைத்தே சொல்லத் தெரிந்தவர் அந்தத் தாத்தாவாக இருக்கலாம். பாடநூலில் கொற்கை முத்தைப் படித்து மதிப்பெண் வாங்கும் மாணவனுக்கு, அந்த முத்தை எடுத்த கை தன் வீட்டுத் திண்ணையில் இருப்பது தெரியாமல் போகிறது.

அந்தச் 'சும்மா'வை வகுப்பறையில் உடைக்க ஒரு வழியை இக்கட்டுரை முன்வைக்கிறது. உதவிக்கு ஓர் அமெரிக்கத் திரைப்படத்தை எடுத்துக்கொள்கிறோம். நம் அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்பட விழா நடந்துவருகிறது. படம் பார்ப்பதும், பார்த்ததைப் பேசுவதும் எழுதுவதும் கற்றலின் பகுதி என்பது நமக்குப் பழகிவிட்டது. அதே முறையை உயர்நிலை வகுப்புகளில் வரலாறு, அறிவியல், கணிதம், தமிழ் ஆகிய நான்கையும் இணைக்கும் ஒரு பாடமாக வளர்க்கலாம்.

படம் என்ன சொல்கிறது?

'தி புரொஃபஷனல்ஸ்' 1966இல் வெளிவந்தது. 'தொழில் தெரிந்தவர்கள்' என்று தமிழில் சொல்லலாம். இயக்கியவர் ரிச்சர்ட் புரூக்ஸ். குதிரை, துப்பாக்கி, பாலைவனம் என்று வரும் 'வெஸ்டர்ன்' வகைப் படம். ஆனால் அதன் நாயகர்கள் இளைஞர்கள் இல்லை. பர்ட் லங்காஸ்டர், ராபர்ட் ரயன், வுடி ஸ்ட்ரோட் மூவரும் படம் வந்தபோது ஐம்பதைக் கடந்தவர்கள். லீ மார்வின் நாற்பதுகளில் இருந்தவர். நரைத்த தலையோடு வருகிறார்.

மெக்சிகோவில் 1910இல் தொடங்கிய புரட்சி இன்னும் ஓயாத காலம் கதையின் பின்னணி. எல்லைக்கு இந்தப் பக்கம் அமெரிக்கப் பணக்காரர் கிராண்ட். அவருடைய மனைவி மரியாவை மெக்சிகோப் புரட்சிக்காரன் ராசா கடத்திப் போய்விட்டதாகச் சொல்கிறார். மீட்டுவர நான்கு பேரை அமர்த்துகிறார். ஃபார்டன் ஆயுதமும் திட்டமும் தெரிந்தவர். டால்வொர்த் வெடிமருந்து வல்லவர். எரன்கார்ட் குதிரைகளை அறிந்தவர். ஜேக் என்ற ஆப்பிரிக்க அமெரிக்கர் தடம் பார்ப்பதிலும் வில்லிலும் தேர்ந்தவர். ஆளுக்கு 10,000 டாலர் பேச்சு. நால்வருக்கும் இளமை போய்விட்டது. அவர்களுடைய திறமைக்கு வேலை தரும் காலமும் போய்க்கொண்டிருக்கிறது. அவர்களில் இருவர் முன்பு இதே ராசாவோடு சேர்ந்து புரட்சியில் போரிட்டவர்கள்.

பாலைவனத்தைக் கடந்து ராசாவின் இடத்தை அடைந்ததும் உண்மை தெரிகிறது. மரியா கடத்தப்படவில்லை, விரும்பியே ராசாவிடம் வந்திருக்கிறாள். அவளை அவள் விருப்பத்துக்கு மாறாகப் பிடித்து வைத்திருந்தவர் கிராண்ட்தான். ஆனாலும் பேசிய பேச்சு பேச்சுதான் என்று நால்வரும் அவளைக் கொண்டுவருகிறார்கள். எல்லையில் கிராண்ட் காத்திருக்கிறார். காயம்பட்ட ராசாவைக் கொல்லச் சொல்கிறார். அந்த இடத்தில்தான் கூலிக்கு வந்த கிழவர்கள் திரும்புகிறார்கள். மரியாவையும் ராசாவையும் மெக்சிகோவுக்கே அனுப்பிவிட்டு, வரவேண்டிய பணத்தை விட்டுவிட்டுத் தாங்களும் கிளம்புகிறார்கள். கடத்தப்பட்ட பெண்ணைக் கடத்தியவரிடமிருந்து மீட்பதுதான் ஒப்பந்தம். கடத்தியவர் கிராண்ட் என்றால் ஒப்பந்தம் நிறைவேறிவிட்டது என்பது அவர்களின் நியாயம்.

ஒரு குறிப்பு: இப்படத்தில் வன்முறையும் பெரியவர்களுக்கான சில காட்சிகளும் உள்ளன. முழுப்படத்தையும் வகுப்பில் திரையிட வேண்டாம். ஆசிரியர் முதலில் தனியாகப் பார்த்துவிட்டுக் கதையை வாய்மொழியாகச் சொல்வதே போதும். விரும்பினால் பாலைவனப் பயணத்தில் ஒரு சிறு பகுதியை மட்டும் காட்டலாம். நல்ல கதைசொல்லிக்குத் திரை தேவையில்லை.

இந்தக் கதையை என் ஒன்பதாம் வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "வயசான பெறகும் எதுக்கு டீச்சர் இந்த வேலைக்குப் போறாவ?" பின்வரிசையிலிருந்து பதில் வந்தது: "வேற வேல தெரியாதுல்லா." ஒரு திறமையை வாழ்நாள் முழுவதும் பழகியவருக்கு, அந்தத் திறமைக்கு விலை இல்லாமல் போகும்போது என்ன ஆகிறது? இந்தக் கேள்வியோடுதான் மாணவர்களை நம் கரைக்கு அழைத்துவர வேண்டும்.

நம் கரையின் கூலி வரலாறு

தூத்துக்குடியை நடுவாகக் கொண்ட கடற்கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். முத்தின் அழகைப் பற்றியும் அது எந்த அரசவைக்குப் போனது என்பது பற்றியும் நிறைய எழுதப்பட்டுள்ளது. மாணவர்களிடம் வேறு கேள்வியை வைப்போம்: கடலில் இறங்கியவருக்கு என்ன கிடைத்தது? இந்த ஒரே கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டாயிரம் ஆண்டுகளை நடந்து கடக்கலாம்.

முதல் நிறுத்தம், கி.பி. முதல் நூற்றாண்டு. 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்' என்ற கிரேக்கப் பயணக் குறிப்பு பாண்டியரின் கொற்கையைக் குறிப்பிடுகிறது. அங்கே முத்துக்குளிப்பில் ஈடுபடுத்தப்பட்டவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது அந்நூல். அதன்படி பார்த்தால், இறங்கியவருக்குக் கூலியே இல்லை. உயிரைப் பணயம் வைக்கும் வேலை தண்டனையாக இருந்திருக்கிறது.

இரண்டாம் நிறுத்தம், 13ஆம் நூற்றாண்டின் இறுதி. வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ இக்கடலின் முத்துக்குளிப்பை விவரிக்கிறார். வணிகர்கள் கூட்டுச் சேர்ந்து, ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி, ஏப்ரல் முதல் மே நடு வரை குளிப்பு நடத்தினார்கள். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு மன்னருக்கு. பெரிய மீன்கள் ஆட்களைத் தாக்காமல் மந்திரத்தால் கட்டுபவருக்கு இருபதில் ஒரு பங்கு. மன்னரின் பங்கும் மந்திரக்காரரின் பங்கும் இவ்வளவு துல்லியமாகப் பதிவாகியிருக்க, மூச்சடக்கி இறங்கியவரின் பங்கு அப்படிப் பதிவாகவில்லை. மாணவர்கள் இந்த இடத்தைத் தாங்களே கண்டுபிடிக்கட்டும். ஆசிரியர் முந்திச் சொல்ல வேண்டாம்.

மூன்றாம் நிறுத்தம், 16ஆம் நூற்றாண்டு முதல். 1530களில் இக்கரையின் பரதவர்கள் தங்கள் கடல் உரிமையைக் காக்கப் போர்த்துக்கீசியரின் துணையை நாடினார்கள். காவல் வந்தது, காவலுக்கான விலையும் வந்தது. 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைக் கைப்பற்றினார்கள். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். கரையை ஆண்டவர்கள் மாறினார்கள். ஆழத்தில் இறங்கியவர்கள் மாறவில்லை. தூத்துக்குடிப் பரதவர்களும் கீழக்கரை முஸ்லிம்களும் இத்தொழிலில் பெயர் பெற்றவர்கள். எதிர்க்கரையான இலங்கையில் நடந்த முத்துக்குளிப்புகளுக்குப் பாரசீக வளைகுடாவிலிருந்து அரபு ஆட்களும் வந்து இறங்கினார்கள்.

நான்காம் நிறுத்தம், ஆங்கிலேயர் காலம். முத்துப் பார்கள் அரசின் ஏகபோகம். முதலில் அதிகாரிகள் பார்களைச் சோதிப்பார்கள். மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றிலுள்ள முத்தின் மதிப்பைக் கணித்து, இலாபம் வரும் என்றால்தான் குளிப்பை அறிவிப்பார்கள். சில வேளைகளில் பல ஆண்டுகளுக்குச் சிப்பியே இருக்காது. அறிவிப்பு வந்தால் வேலை; வராவிட்டால் சங்குகுளிப்பு, மீன்பிடிப்பு. அறிவிப்பு வந்ததும் நள்ளிரவில் கரைக்காற்றில் தோணிகள் புறப்படும். விடிந்ததும் குளிப்பு தொடங்கும். பிற்பகலில் கடல்காற்றில் திரும்பும்.

கொண்டுவந்த சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு அரசுக்கு, ஒன்று ஆட்களுக்கு. பிரிப்பவர்கள் கடலுக்குப் போன ஆட்கள். எந்தக் குவியல் யாருக்கு என்று சொல்பவர் அதிகாரி. எனவே குவியல்களைச் சமமாகப் பிரிப்பதுதான் ஆட்களுக்கு நல்லது. அரசின் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று அன்றே ஏலம் போகும். வாங்கியவர் சிப்பியை அழுகவிட்டுக் கழுவிய பிறகுதான் உள்ளே முத்து உண்டா இல்லையா என்று தெரியும். குளியாளியின் மூன்றில் ஒரு பங்கும் அவருக்கு முழுதாகப் போய்ச் சேராது. கயிறு பிடித்தவருக்கும் தோணிக்காரருக்கும் அதிலிருந்தே கொடுக்க வேண்டும்.

ஐந்தாம் நிறுத்தம், விடுதலைக்குப் பின். 1955 முதல் 1961 வரை தூத்துக்குடிக் கடலில் தொடர்ந்து முத்துக்குளிப்பு நடந்தது. 1961தான் கடைசி. அதன்பின் பார்களில் குளிப்பு நடத்தும் அளவுக்குச் சிப்பி திரளவில்லை. 1973இல் தூத்துக்குடியிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் முத்துச்சிப்பியில் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார்கள். 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. சங்குகுளிப்பு தொடர்கிறது, ஆனால் இன்று காற்றுக்குழாயைப் பற்களில் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். கல்லும் கயிறும் ஒரே மூச்சும் மட்டுமே துணையாக முத்துக்கு இறங்கியவர்களின் தலைமுறை 1961ஓடு நின்றது.

இப்போது கரும்பலகையில் ஒரு கழித்தல் கணக்குப் போடுங்கள். 1961இல் 18 வயதில் முதன்முதலாக இறங்கியவர் 1943இல் பிறந்திருப்பார். இன்று அவர் எண்பதைக் கடந்தவர். அவரிடம் கேட்பதற்கு நம் மாணவர்களுக்கு இருக்கும் காலம் மிகக் குறைவு. இந்தப் பாடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

படத்தையும் கரையையும் இணைக்கும் மூன்று கேள்விகள்

படத்தின் நால்வரும் நம் குளியாளிகளும் ஒன்று என்று சொல்லிவிடக் கூடாது. அவர்கள் ஆயுதம் ஏந்தியவர்கள், இவர்கள் உழைப்பாளிகள். அது கற்பனை, இது வரலாறு. ஒப்பீட்டின் பயன் ஒற்றுமையை வியப்பதில் இல்லை. ஒரே கேள்வியை இரண்டு இடங்களிலும் கேட்டுப் பார்ப்பதில்தான் இருக்கிறது.

முதல் கேள்வி: பங்கு எவ்வளவு? படத்தில் கூலி முன்பே பேசப்படுகிறது. நம் கரையில் கைதி, கூலியாள், மூன்றில் ஒரு பங்குக்காரர் என்று நிலை மாறிவந்திருக்கிறது. இந்த மாற்றம் யாரால், எப்படி வந்திருக்கும்? திறமையானவர்கள் எண்ணிக்கையில் குறைவு, அவர்கள் வராவிட்டால் குளிப்பே நடக்காது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாமா? மாணவர்கள் விவாதிக்கட்டும். பாரசீக வளைகுடாவில் குளியாளிகள் படகுத் தலைவரிடம் முன்பணம் வாங்கி, அடைக்க முடியாத கடனில் ஆண்டுக்கணக்கில் கட்டுண்டு கிடந்ததையும் சொல்லுங்கள். பங்கு உண்டு என்பதும் அது கைக்கு வருகிறது என்பதும் வேறுவேறு.

இரண்டாம் கேள்வி: யாருக்காக? படத்தின் நால்வரும் முடிவில் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். கேட்பதற்கு விலையாக 40,000 டாலரை விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டுவிட எல்லாருக்கும் முடியுமா? வீட்டில் உலை வைக்கக் காத்திருக்கும் குடும்பம் உள்ள கூலியாளுக்கு முடியுமா? படத்தின் நால்வருக்கும் பின்னால் குடும்பம் எதுவும் காட்டப்படவில்லை என்பதை மாணவர்களே கவனித்துச் சொன்னால் அந்த வகுப்பு வெற்றி.

மூன்றாம் கேள்வி: கதையைச் சொல்வது யார்? படத்தில் மெக்சிகோப் புரட்சிக்காரன் ராசாவாக நடித்த ஜாக் பேலன்ஸ் அமெரிக்கர். மரியாவாக நடித்த கிளாடியா கார்டினேல் இத்தாலிய நடிகை. மெக்சிகோவின் கதையை ஹாலிவுட் தன் முகங்களை வைத்துச் சொல்கிறது. நம் கரையின் கதையையும் கிரேக்க வணிகரும் வெனிஸ் பயணியும் ஆங்கிலேய அதிகாரிகளும்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். 1889இல் தூத்துக்குடி முத்துக்குளிப்பைப் பார்த்து எழுதியவர் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன். 1905இல் இக்கரையின் முத்துக்குளிப்பு பற்றிச் சென்னை அரசுக்கு அறிக்கை தந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். இருவரும் கவனமாகப் பார்த்து எழுதியவர்கள். அவர்கள் தந்த விவரங்கள் நமக்கு வேண்டும். ஆனால் இருவரும் தோணியின் மேல்தளத்திலிருந்து பார்த்தவர்கள். கீழே போய் வந்தவர் என்ன பார்த்தார் என்பதை அவரே சொல்லிக் கேட்க வேண்டும்.

நான்கு பாடவேளைகளில்

முதல் பாடவேளை: கதை சொல்லல். மரியா விரும்பியே வந்திருக்கிறாள் என்று தெரியும் இடத்தில் கதையை நிறுத்துங்கள். "நீங்கள் அந்த நால்வரில் ஒருவராக இருந்தால் என்ன செய்வீர்கள்?" பேச்சைக் காப்பாற்றுவோம் என்பவர்கள் ஒரு பக்கம், திரும்பிவிடுவோம் என்பவர்கள் மறுபக்கம். ஒவ்வொருவரும் ஒரு காரணமாவது சொல்ல வேண்டும். அதன்பின் முடிவைச் சொல்லுங்கள். மனம் மாறியவர்கள் பக்கம் மாறி உட்காரலாம்.

இரண்டாம் பாடவேளை: கூலி வரலாறு. வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரித்து, மேலே சொன்ன ஐந்து நிறுத்தங்களையும் ஆளுக்கொன்றாகக் கொடுங்கள். ஒவ்வொரு குழுவும் மூன்று கட்டங்கள் உள்ள அட்டையை நிரப்ப வேண்டும்: இறங்கியவர் யார்? அமர்த்தியவர் யார்? இறங்கியவருக்குக் கிடைத்தது என்ன? தெரியாத கட்டத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். ஐந்து அட்டைகளையும் சுவரில் வரிசையாக ஒட்டியதும், எந்தக் கட்டம் அதிகம் காலியாக இருக்கிறது என்று கேளுங்கள்.

மூன்றாம் பாடவேளை: அறிவியலும் கணிதமும். கடல்மட்டத்தில் அழுத்தம் ஒரு வளிமண்டலம். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டலம் கூடும். 10 மீட்டரில் அழுத்தம் இரு மடங்கு. நுரையீரலில் அடைத்த காற்றின் கனஅளவு ஏறத்தாழ பாதி. பாயில் விதியை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது. செவிப்பறை ஏன் வலிக்கிறது, காதிலும் மூக்கிலும் ஏன் இரத்தம் கசிகிறது என்பதும் இதே பாடம். காலைக் கல்லில் ஊன்றி விரைவாக இறங்கியது ஏன்? ஒரே மூச்சில் நீந்தி இறங்குவதற்கு ஆகும் ஆக்சிஜனைச் சேமித்து, அதை அடியில் சிப்பி பொறுக்கும் நேரமாக மாற்றத்தான். ஒரு குளிப்புக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம்தான் கிடைக்கும் என்றால் இந்த ஏற்பாட்டின் அருமை புரியும். மேலே கயிறு பிடிப்பவர் சைகை உணர்ந்ததும் இழுக்க வேண்டும். கயிற்றை மைத்துனர் கையில் கொடுப்பார்கள், தன் அக்காள் தங்கை தாலியைக் காக்க அவர் கண்ணயர மாட்டார் என்று கரையில் சொல்லப்படுவதுண்டு. பொறியியலும் உறவும் ஒரே கயிற்றில்!

கணக்குக்கு ஒரு கற்பனைத் தோணியை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளில் 9,000 சிப்பி. அரசுக்கு 6,000, ஆட்களுக்கு 3,000. அந்த மூவாயிரத்தில் ஐந்தில் ஒரு பங்கு தோணிக்கு என்று வைத்தால் மீதி 2,400. பத்துக் குளியாளிகளும் பத்துக் கயிறு பிடிப்பவர்களும் 2:1 விகிதத்தில் பிரித்தால் ஒரு குளியாளிக்கு 160, ஒரு கயிறுகாரருக்கு 80. அவர் எடுத்த மொத்தம் 900. கைக்கு வந்தது 160. இது முறையா என்று கேட்டு, வகுப்பே ஒரு புதிய விகிதத்தை முன்மொழியட்டும். ஒவ்வொரு முன்மொழிவையும் கணக்கால் நிறுவ வேண்டும். மூன்று குவியல் முறையைப் புளியங்கொட்டைகளை வைத்துச் செய்துபார்க்கலாம்: ஒருவர் பிரிக்க, மற்றொருவர் தேர்ந்தெடுக்க.

நான்காம் பாடவேளைக்கு முன் ஒரு வாரம் இடைவெளி கொடுங்கள். அந்த வாரத்தில் மாணவர்கள் இருவர் இருவராகச் சென்று ஊரின் மூத்தவர் ஒருவரிடம் பேசிவர வேண்டும். கேள்விகள் சிலவற்றை மட்டும் தருகிறேன். மற்றவற்றை வகுப்பே உருவாக்கட்டும்.

முதன்முதலாகக் கடலில் இறங்கிய நாள் நினைவிருக்கிறதா? யார் கற்றுக்கொடுத்தார்கள்?
பார் இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? கரையில் எது அடையாளம்?
அடியில் வெளிச்சம் எப்படி இருக்கும்? என்ன சத்தம் கேட்கும்?
உங்கள் கயிற்றைப் பிடித்தவர் யார்?
கிடைத்ததை எப்படிப் பிரித்தீர்கள்? பிரித்தது நியாயமாக இருந்ததா?
எப்போது இந்த வேலையை நிறுத்தினீர்கள்? அதன்பின் என்ன செய்தீர்கள்?
உங்களுக்குத் தெரிந்ததில் எதை எங்களுக்குச் சொல்லிவிட்டுப் போக விரும்புகிறீர்கள்?

சில எச்சரிக்கைகள். மூத்தவரின் இசைவு பெற்றே எழுத வேண்டும். கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டுமானால் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். அவர் சொல்லும் சொற்களை நூல்வழக்குக்கு மாற்றாமல் அப்படியே எழுதச் சொல்லுங்கள். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் கடலடிக்கும் அவர் சொல்லும் பெயர்களில் சில எந்த அகராதியிலும் இருக்காது. பாட்டிகளிடமும் கேட்க வேண்டும். தோணி போன பிறகு கரையில் காத்திருந்தவர்களும், பங்கு வராத மாதங்களில் வீட்டை ஓட்டியவர்களும் அவர்கள்தான். எந்த மாணவரும் குளித்துப் பார்க்கக் கடலில் இறங்கக் கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மூச்சடக்கிப் பார்க்கும் போட்டியும் வேண்டாம். நீருக்குள் மூச்சடக்கும்போது முன்னறிவிப்பின்றி மயக்கம் வரும் என்பதையும் அறிவியல் பாடத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

நான்காம் பாடவேளையில் ஒவ்வொரு இணையும் ஐந்து நிமிடம் பேசட்டும். இரண்டாம் பாடவேளையில் காலியாக இருந்த கட்டங்களை இப்போது அவர்களே நிரப்பட்டும்.

தொடக்க வகுப்புகளுக்கும் உள்நாட்டுப் பள்ளிகளுக்கும்

நான்காம், ஐந்தாம் வகுப்பில் திரைப்படக் கதை வேண்டாம். தோணி, கல், கயிறு, கூடை, குளியாளி, கயிறு பிடிப்பவர் ஆகியவற்றை வரையச் சொல்லுங்கள். கிளிஞ்சல்களை மூன்று சம குவியலாகப் பிரிக்கும் விளையாட்டு பின்னத்துக்கு நல்ல தொடக்கம். "தாத்தாவிடம் ஒரு கேள்வி" என்று ஒரே ஒரு கேள்வியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம்.

கடல் இல்லாத ஊர்களிலும் இதே பாடத்தை நடத்தலாம். கிணறு வெட்டியவர், கல் உடைத்தவர், வண்டிச் சக்கரம் செய்தவர், பனையேறியவர் என்று ஒவ்வொரு ஊரிலும் ஒரு திறமை வேலையிழந்து முதுமையில் உட்கார்ந்திருக்கிறது. தூத்துக்குடியிலேயே உப்பளத் தொழிலாளரையும், பாய்மரத் தோணியில் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோனவரையும், மூட்டை சுமந்தவரையும் தேடிப் போகலாம். 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. பின்னாளில் சரக்குப் பெட்டகங்கள் வந்தன. முதுகில் சுமந்த வேலையை எந்திரங்கள் எடுத்துக்கொண்டன. அந்த மாற்றத்தைத் தங்கள் முதுகால் அறிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மதிப்பீடு

இதற்கு மனப்பாடத் தேர்வு பொருந்தாது. மூன்றைப் பாருங்கள். மூத்தவர் சொன்னதையும் தன் கருத்தையும் மாணவர் பிரித்து எழுதியிருக்கிறாரா? நூல் சொல்வதும் மூத்தவர் சொல்வதும் மாறுபடும் இடத்தைக் கவனித்திருக்கிறாரா? தெரியாததைத் தெரியாது என்று காலியாக விட்டிருக்கிறாரா? இந்த மூன்றும் வந்துவிட்டால் வரலாறு எழுதத் தொடங்கிவிட்டார் என்று பொருள்.

மாணவர்கள் எழுதியவற்றைத் தொகுத்து, தாள்களைக் கோத்து, பள்ளி நூலகத்தில் ஓர் ஏடாக வையுங்கள். பேட்டி தந்த மூத்தவர்களைப் பள்ளி ஆண்டு விழாவுக்கு அழைத்து முன்வரிசையில் உட்காரவையுங்கள். அவர்கள் பேசியதில் ஒரு பக்கத்தை ஒரு மாணவர் மேடையில் வாசிக்கட்டும். அடுத்த ஆண்டு வரும் வகுப்பு அந்த ஏட்டில் விட்ட இடத்திலிருந்து தொடரும். பாடவேளைகள் முடிந்த பின் அதே கேள்வியை மறுபடியும் கேட்டுப் பாருங்கள்: "உன் தாத்தா என்ன வேலை செய்தார்?" பதில் ஒரு வாக்கியத்தில் அடங்காது. அதைக் கேட்க ஒரு பாடவேளையைக் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ளுங்கள்.